யூவிஆர்: ஒரிஜினல் பாட்டுலேந்தே கரோக்கி டிராக் எடுக்கணும்னா இத போடுங்க

மேடையில பாடறவங்களுக்கு தெரியும், நாம பாட நெனைக்கிற பாட்டுக்கு மட்டும் உருப்படியான மைனஸ் ஒன் டிராக் (குரல் இல்லாம இசை மட்டும் இருக்கறது) கெடைக்காது. யூடியூப்ல தேடினா முக்கால்வாசி யாரோ கீபோர்டுல திரும்ப வாசிச்சதா இருக்கும், தபேலா வர வேண்டிய எடத்துல மெஷின் பீட் ஓடும், பாடறதுக்கே மனசு வராது. அந்த மாதிரி நொந்து போனவங்களுக்குதான் இத எழுதறேன். அல்டிமேட் வோக்கல் ரிமூவர், சுருக்கமா யூவிஆர், பாட்டுலேந்து குரலையும் இசையையும் தனித்தனியா பிரிக்கற சாஃப்ட்வேர். கிட்ஹப்ங்கற சாஃப்ட்வேர் தளத்துல இலவசமா கெடைக்குது, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும், நம்ம கம்ப்யூட்டர்லயே வேல நடக்கறதால பாட்ட எங்கயும் அப்லோட் பண்ண வேணாம், மாசச் சந்தாவும் கெடையாது.

முன்னாடியெல்லாம் ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டர்ல போட்டு, ஸ்டீரியோ பாட்டோட இடது வலது சேனல்ல ஒண்ண தலகீழா திருப்பி இன்னொண்ணோட சேப்போம். குரல் நடுவுல, அதாவது ரெண்டு சேனல்லயும் ஒரே மாதிரி இருக்கறதால அழிஞ்சிடும், சரிதான், ஆனா பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் நடுவுலதான இருக்கு, அதுவும் கூடவே போயிடும், குரலோட எக்கோ மட்டும் பின்னாடி நின்னுக்கிட்டே இருக்கும். மோனோ பாட்டா (ரெண்டு பக்கமும் ஒரே ஒலி) இருந்தா மொத்தமும் சைலன்ஸ். 2019ல டீசர்ங்கற மியூசிக் ஸ்ட்ரீமிங் கம்பெனி ஸ்பிளீட்டர்ங்கற குரல் பிரிக்கற சாஃப்ட்வேர வெளியிட்டதுக்கு அப்புறம்தான் நம்ம மாதிரி ஆளுங்க கைக்கும் ஏஐ வச்சு பிரிக்கற வழி வந்துச்சு. மெட்டாவோட டெமக்ஸ்ல அப்புறம் வந்த வெர்ஷன்கள், எம்டிஎக்ஸ் நெட் மாதிரி ஏஐ மாடல்கள் இதெல்லாம் இன்னும் சுத்தமா பிரிக்குது, அந்த ரெண்டையும், விஆர்ங்கற இன்னொரு வகை மாடல்களையும் சேத்து ஒரே ஜன்னல்ல குடுக்கறதுதான் யூவிஆர். பழைய மோனோ பாட்டுலயும் குரல தனியா எடுத்துடுது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

நம்ம பாட்டுங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு, முன்னாடியே தெரிஞ்சிக்கங்க. புல்லாங்குழல், நாதஸ்வரம், சில நேரம் சோலோ வயலின் கூட குரல்னு நெனச்சு சேத்து எடுத்துடுது. இந்த மாடல்களுக்கு பயிற்சி குடுத்த பாட்டுங்கள்ல பெரும்பாலும் வெஸ்டர்ன் பாப், ராக்தான், நம்ம வாத்தியம் அதுக்கு பழக்கமில்ல. இதுக்கு நான் பண்றது, இன்டர்லூட்ல பாடகர் குரலே இல்லல்ல, அந்த பகுதிய மட்டும் ஒரிஜினல்லேந்து வெட்டி டிராக்ல அதே எடத்துல ஒட்டிடுவேன். ரெண்டு ஃபைலும் ஒரே நீளம், அதனால தாளம் நகராது. சேர்ற எடத்துல சின்னதா கிராஸ்ஃபேட் (ஒண்ணு மெல்ல கொறைய இன்னொண்ணு மெல்ல ஏறறது) குடுத்தா போதும், ஒட்டினதே தெரியாது. பல்லவி சரணத்துக்கு நடுவுல குழல் பதில் சொல்ற மாதிரி பாட்டுன்னா மட்டும் இது உதவாது, அங்க மாடல மாத்தி மாத்தி பாக்கறத தவிர வழியில்ல.

இன்னொண்ணு, கோரஸ் முக்கியமா இருக்கற பாட்டுக்கு சாதாரண மாடல் போட்டா கோரஸும் ஹம்மிங்கும் சேந்து காணாம போயிடும். அதுக்கு விஆர் பிரிவுல கரோக்கின்னு பேர் போட்ட மாடல் இருக்கு, அது மெயின் குரல மட்டும் எடுத்துட்டு கோரஸ விட்டு வைக்க பாக்கும். எப்பவும் சரியா வரும்னு சொல்ல மாட்டேன், டூயட்ல தடுமாறுது, ஆனா சரியா வந்துட்டா மேடையில பாடும்போது பின்னாடி ஒரிஜினல் கோரஸ் வரும் பாருங்க, அதுக்கு ஈடே இல்ல. சுருதி கட்ட ஒத்து வரலன்னா பிட்ச் மாத்தற வசதியும் உள்ளயே இருக்கு, ஒரு கட்ட ரெண்டு கட்ட எறக்கினா தாங்கும், அதுக்கு மேல போனா வாத்தியமெல்லாம் சொதசொதன்னு ஆயிடும்.

நல்ல என்விடியா கார்டு இருந்தா சட்டுனு முடியும். இல்லாத லேப்டாப்ல ஒரு பாட்டுக்கே ரொம்ப நேரம் இழுக்கும், ஃபேன் கத்தும். அதனால மொதல்ல சாம்பிள் மோட்ல 30 செகண்ட் மட்டும் ஓட்டி எந்த மாடல் ஒத்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் முழுசா போடுங்க. வாட்ஸ்அப்ல சுத்தற எம்பி3ய போடாதீங்க, சிடிலேந்து எடுத்ததோ ஃபிளாக்கோ (தரம் கொறையாத ஆடியோ ஃபைல்) இருந்தா அத குடுங்க, அவுட்புட்டயும் தரம் கொறையாத வேவ் ஃபைலாவே வச்சுக்கங்க. எடுத்த டிராக்க யூடியூப்ல போட்டா மியூசிக் கம்பெனிகிட்டேந்து காப்பிரைட் க்ளெய்ம் வரலாம், அதனால அங்க போடாம பாடறதுக்கு மட்டும் வச்சுக்கறது நல்லது.