ஷேர்வேர்: காசு கேட்ட மூன்று வழிகள்

ஷேர்வேர் என்பது முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, பிறகு பணம் கட்டும் மென்பொருள். புல்லட்டின் போர்டு (தொலைபேசி வழியாகத் தொடர்புகொண்டு கோப்புகளை இறக்கிக்கொள்ளும் கணினி) காலத்தில் அதை இறக்க மோடமும் பொறுமையும் இருந்தால் போதும். பணம் கட்டச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அதனால் எழுதியவர்கள் ஆளுக்கொரு உத்தி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் பேர்போன மூன்றைப் பார்ப்போம்: கடிதம், கட்டுரை தட்டும் பிசி-ரைட், கோப்புகளைச் சுருக்கி ஜிப் ஆக்கும் பிகேஜிப், துப்பாக்கிச் சண்டை விளையாட்டான டூம்.

நிறுவுவதில் பிகேஜிப்தான் முதலிடம். 1993இல் வந்த 2.04ஜி பதிப்பு சுமார் 200 கிலோபைட். நொடிக்கு 2400 பிட் அனுப்பும் மோடமிலேயே கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். ஜிப் கோப்பைப் பிரிக்கும் நிரலையே ஜிப்பில் அனுப்பினால் புதிதாக வருபவர் எதை வைத்துப் பிரிப்பார்? அதனால் அது தானே விரியும் எக்ஸி கோப்பாக வந்தது. காலி டைரக்டரியில் போட்டு, பெயரைத் தட்டி, கணினி நிரல்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் வரியில் அந்த டைரக்டரியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. பிசி-ரைட் அதைவிடப் பழசு, 1983. பிளாப்பியை நகலெடுத்தாலே போதும்.

டூம் பாடுபடுத்தும். இரண்டு மெகாபைட்டுக்கு மேல். 14,400 மோடமில் அரை மணி நேரம் என்றால், 2400இல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிடம்தான் என்று போர்டுகள் கணக்கு வைத்திருக்கும். இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை இல்லாவிட்டால் கதை கந்தல். இறங்கிய பிறகு சவுண்ட் கார்டு பஞ்சாயத்து, அதன் அமைப்பு எண்களை நாமே கொடுக்க வேண்டும்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5ஆ 7ஆ, டிஎம்ஏ 1. ஐஆர்க்யூவைத் தப்பாகக் கொடுத்தால் துப்பாக்கி ஊமையாகிவிடும்.

பணம் என்று வந்தால் வரிசை மாறுகிறது. பிகேஜிப் எல்லா வசதியையும் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் 47 டாலர் அனுப்புங்கள் என்றது. பயன்படுத்துபவருக்கு இதைவிடத் தாராளம் கிடையாது. ஆனால் வீட்டில் இருப்பவர் செக் எழுதி, கவரில் போட்டு, தபால்தலை ஒட்ட என்ன அவசரம்?

பிசி-ரைட்டின் பாப் வாலஸ் இங்கே கெட்டிக்காரர். 75 டாலர் கட்டிப் பதிவு செய்தால் அச்சிட்ட கையேடும் தொலைபேசி உதவியும் கிடைக்கும். கூடவே உங்கள் பிரதிக்கு ஒரு வரிசை எண். அந்தப் பிரதியை நண்பருக்கு நகலெடுத்துக் கொடுத்து, அவரும் பதிவு செய்தால் உங்களுக்கு 25 டாலர் கமிஷன். மூன்று பேர் கட்டினால் போட்ட முதல் திரும்பிவிடும். நகலெடுப்பவரையே விற்பனையாளர் ஆக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் வாங்குபவரின் நல்ல மனசை நம்பித்தான் இதுவும் ஓடியது.

டூமுக்கு அந்தக் கவலையே இல்லை. அபோஜி நிறுவனம் கமாண்டர் கீனில் பழக்கிய வழி அது: முதல் எபிசோடு இலவசம், மீதிக்குப் பணம். டூமில் ஒன்பது மேப்களையும் ஆடி முடித்துக் கை பரபரக்கும் நேரத்தில் அடுத்த இரண்டு எபிசோடுகளுக்கு 40 டாலர் என்பார்கள். போனில் கிரெடிட் கார்டு எண்ணைச் சொன்னால் டிஸ்க் தபாலில் வரும். காசு பார்க்க இதுதான் சிறந்த வழி, சந்தேகமே இல்லை.

கருவி எழுதியவருக்கு மட்டும் இது உதவாது. கடிதத்தின் முதல் பக்கம் இலவசம், மீதிக்கு 75 டாலர் என்றா கேட்க முடியும்? 1987இல் தொடங்கிய ஷேர்வேர் வல்லுநர்கள் சங்கமும், வசதிகளை முடக்கி வைத்துக் கொடுப்பதை ஏற்கவில்லை. மிஞ்சியது, பணம் கட்டச் சொல்லித் திரையில் நினைவூட்டும் பெட்டிதான். விண்டோஸில் ஜிப் கோப்புகளைக் கையாளும் வின்ஜிப் அப்படித்தான் வந்தது. சோதனைக் கெடு முடிந்த பிறகும் நினைவூட்டிக்கொண்டே வேலை செய்தது.