“ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்!”: கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ்

பொங்கலுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லிவிட்டால் போதும், சிங்கப்பூரில் பெட்டி கட்டுவதற்கு முன்பே அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வேலைப் பட்டியல் வந்துவிடும். இந்த முறை பேங்க் கேஒய்சி, ஆர்ஓ மெஷினுக்கு ஃபில்டர், மாடித் தண்ணீர்த் தொட்டியில் கசிவு. மூன்றுமே நான் பயந்த அளவுக்கு இல்லை. பேங்க்கில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்து முடித்து அனுப்பினார்கள். ஆர்ஓ ஆள் போன் செய்த அன்றைக்கே வந்துவிட்டார். பிளம்பர் மட்டும் “நாளைக்கு” என்று சொல்லி இரண்டு நாள் கழித்து வந்தார், அது ஊர் வழக்கம். பட்டியலின் கடைசி வரியில் “அப்பா கம்ப்யூட்டர் கத்துது” என்று இருந்தது. இழுத்தடித்தது அதுதான்.

2014-ல் வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப் அது. நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வூதியர் சங்கக் கடிதங்கள், தெருவில் பாதிப் பேருடைய பட்டா நகல், இபி பில் எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். இப்போது ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வர மூச்சு வாங்குகிறது. எந்த நிரலும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே ஃபேன் சத்தம் அடுக்களை வரை கேட்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ப்ராசஸர் பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டி நின்றது. யார் தின்கிறார்கள் என்று பார்ப்பதற்குள் சர்ரென்று 8, 10 என இறங்கிவிட்டது. சரி, ஏதோ அப்டேட் போல என்று மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இரைச்சல். திறந்தால் அமைதி, மூடினால் கூச்சல். விண்டோஸ் அப்டேட்டோ, விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரின் ஸ்கேனோ, தேடலுக்காக ஃபைல்களை அட்டவணை போடுகிற வேலையோ இப்படி டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஒளியாது. அவையும் பழைய கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வைக்கும்தான், ஆனால் பட்டியலில் தங்கள் பெயரைக் காட்டிக்கொண்டே செய்யும்.

அப்பா வழக்கமாகக் கூப்பிடும் கடைக்குப் போன் செய்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் பைக்கில் ஒரு பையன் வந்து நின்றான். சிங்கப்பூரில் நான் போகும் கடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம்தான் போக வேண்டும். வாங்கி வைத்து, பார்ப்பதற்கே தனியாகக் கட்டணம் கேட்பார்கள், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும். இந்தப் பையன் செருப்பை வாசலில் விட்டு வந்து, இரண்டு நிமிடம் மவுஸை அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஃபார்மேட் அடிச்சிரலாம் சார். ஆறுநூறு ரூபா. ஆபீஸ், ஆன்ட்டிவைரஸ் எல்லாம் சேர்த்துப் போட்டுத் தர்றேன்.”

“என்ன கோளாறுன்னு தெரியுமா தம்பி?”

“எதுவா இருந்தாலும் டிஸ்க்கை அழிச்சுப் புதுசா விண்டோஸ் அடிச்சா போயிடும் சார்.”

போன வருஷமும் இதே கடைதான் ஃபார்மேட் அடித்தது என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பையன் முகம் சுளிக்கவில்லை. வந்ததற்கு நூறு ரூபாய் கொடுத்தேன், “வேலையே செய்யலையே சார்” என்று வாங்க மறுத்துக் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனான். கோபமே வரவில்லை. நம் ஊரில் பார்த்ததற்குக் காசு கேட்டால் யாரும் தர மாட்டோம், “சும்மா திருகிப் பார்த்ததுக்கு முந்நூறா?” என்போம். அப்புறம் கடைக்காரர் எதற்காக உட்கார்ந்து காரணம் தேடப் போகிறார்? காசு வருவது ஃபார்மேட்டில்தான், அதனால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து.

சித்தப்பா மகன் இன்னொரு இடம் சொன்னான். தாராசுரம் போகிற வழியில் ஒற்றை ஷட்டர் கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அண்ணன் ஒருவர், தனி ஆள். சுவரில் சாக்பீஸில் ‘பார்க்க மட்டும் ரூ. 300’ என்று எழுதியிருந்தது. கும்பகோணத்தில் இப்படி ஒரு வரியைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷம்.

முதலில் மென்பொருள் பக்கமே அவர் போகவில்லை. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பவர் சப்ளைக்கு அடியில் பல்லி முட்டை ஓடுகள் இரண்டு. ப்ராசஸர் மேல், சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. “கழற்றுவதற்கு முன்னாடி வெப்பம் 97 டிகிரி காட்டுச்சு தம்பி. நூறை ஒட்டிப் போனா சிப்பு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அப்புறம் எந்த வைரஸும் இல்லாமலே வண்டி படுத்துடும்.” ப்ளோயர் அடித்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது தடவி, மறுபடி ஓட விட்டார். வெப்பம் எழுபதுக்கு இறங்கியது. ஆனால் சும்மா இருக்கும் கம்ப்யூட்டருக்கு எழுபதே அதிகம். உள்ளே யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்துச் செய்ததுதான் நான் ரசித்தது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியை, பெயரை மாற்றி வைத்து ஓட்டினார். டாஸ்க் மேனேஜர் என்ற பெயரைப் பார்த்து ஒளிந்துகொள்கிற திருடனுக்கு இந்தப் புதுப் பெயர் தெரியவில்லை. ஓடும் நிரல்களின் பட்டியலில் சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரில் ஒன்று ப்ராசஸரை விழுங்கிக்கொண்டிருந்தது. அசல் சர்வீஸ் ஹோஸ்ட் விண்டோஸின் சொந்த நிரல், அதன் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். இது அப்பாவின் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற ஃபோல்டரில் குடியிருந்தது. ஒரு நிரலைப் பற்றிப் பல ஆன்ட்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்கும் வைரஸ்டோட்டல் சோதனையும் அந்தக் கருவியிலேயே உண்டு, அதில் சிவப்பாகப் பெரிய எண் விழுந்தது. கிரிப்டோ மைனர் வகை.

மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிற, அதாவது நம் ப்ராசஸரைக் கணக்குப் போட வைத்து அந்த நாணயத்தைச் சம்பாதிக்கிற நிரல் அது. மற்ற பல நாணயங்களுக்குத் தனி இயந்திரம் வேண்டும். மொனேரோ 2019-ல் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறியது, அது சாதாரண ப்ராசஸரிலேயே ஓடுவதற்காக வடிவமைத்தது. அதனால் அப்பாவின் ஐ3-க்கும் திருடர்களிடம் மதிப்பு. ஒரு பெட்டியில் கிடைப்பது சில்லறை, ஊரெல்லாம் ஆயிரம் பெட்டி சேர்ந்தால் லாபம். கரண்ட் பில் நம்முடையது.

எங்கிருந்து வந்தது? டிஃபெண்டரில் ‘இங்கே பார்க்காதே’ என்று விலக்கு கொடுக்கும் பட்டியலைத் திறந்து காட்டினார். மொத்த சி டிரைவும் அதில் இருந்தது. கூடவே விண்டோஸைக் கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் நிரல் ஒன்று. இரண்டின் தேதியும் போன வருஷம் ஃபார்மேட் அடித்த அதே நாள். மருந்து கொடுத்த கையே நோயையும் கொடுத்திருக்கிறது. அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கடையில் இருக்கும் பென்டிரைவை எல்லா வீட்டிலும் செருகுகிறான், அவ்வளவுதான்.

இதில் இன்னும் எரிச்சல், கள்ள ஆக்டிவேஷனே இந்தப் பெட்டிக்குத் தேவையில்லை. வாங்கும்போதே விண்டோஸ் 8.1 உரிமத்தோடு வந்தது. 2015-16-ல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த விண்டோஸ் 10 ஹோம் மேம்படுத்தலை அப்பா அப்போதே செய்திருந்தார். அந்த உரிமம் மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டது. ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். கடைக்காரர் ப்ரோ பதிப்பைப் போட்டதால்தான் ஆகவில்லை, அதற்குக் கேஎம்எஸ்.

அண்ணனும் கடைசியில் ஃபார்மேட்தான் செய்தார். அட்மின் அதிகாரத்தோடு ஒரு வருஷம் உள்ளே இருந்ததைத் துடைத்து நம்ப முடியாது என்றார், எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவின் ஃபைல்களை வெளியே எடுத்து ஸ்கேன் செய்தார். “ஐயா கடிதமெல்லாம் எந்த ஃபான்ட்?” என்று கேட்டார். வானவில் அவ்வையார். அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் இல்லை, எழுத்துருவை எடுத்து வைக்காமல் துடைத்தால் இத்தனை வருஷக் கடிதங்களும் கிறுக்கலாகத் தெரியும். ஃபான்ட் ஃபோல்டரிலிருந்து அதைத் தனியாக எடுத்துக்கொண்டார். அப்பா அந்த இடத்தில்தான் அவரை மதிக்க ஆரம்பித்தார். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, சுழலாத, வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிப் போட்டு, அதில் நிறுவினார். ஆக்டிவேட் ஆயிற்று, ஒரு பைசா செலவில்லாமல்.

அப்பாவின் பென்டிரைவிலும் ஒரு விருந்தாளி. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிற பென்டிரைவ்களில் வழக்கமாக வருவதுதான்: ஃபோல்டர்கள் மறைந்து அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டுகள் நிற்கும், அதைச் சொடுக்கினால் ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும். ஃபைல்கள் அழிவதில்லை, மறைத்துத்தான் வைக்கப்படும், மீட்டுவிடலாம். இனிமேல் பிரிண்ட் எடுக்க பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை அன்றிரவே போனிலிருந்து மாற்றினோம். கணக்கில் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னார். ஒன்றும் போகவில்லை.

பார்த்ததற்கும் சுத்தம் செய்ததற்கும் நிறுவியதற்கும் சேர்த்து ரூ. 1,200, எஸ்எஸ்டி தனி. பெட்டி மறுநாள் மாலை கையில் கிடைத்தது. குறை என்றால், வீட்டுக்கு வர மாட்டார், போனும் எடுக்க மாட்டார். நேரில்தான் போக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பெயரைப் பதிந்திருக்கிறோம், 2026 அக்டோபர் வரை ஓடும். நாலாம் தலைமுறை ப்ராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் போடலாமே என்றேன், வானவில் தட்டச்சு போய்விடும் என்று அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆபீஸ்களில் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்கள் மலிவாக வருகின்றன, ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது அண்ணனின் யோசனை. “ஐ5, ஐ7னு ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீங்க ஐயா. அதுக்குப் பின்னாடி வர்ற நம்பர் எட்டாயிரத்துக்குக் கீழே இருந்தா விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, வேண்டாம்னுடுங்க.”