தொடுதிரையில் கன்சோல் ஆட்டம்: விரல், சூடு, காசு

மொபைல் கேம் ப்ளேஸ்டேஷன் போன்ற கன்சோலுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அதற்கு 2023-லேயே விடை வந்துவிட்டது. அந்த அக்டோபரில் ஐபோன் 15 ப்ரோவில் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ வந்தது. டிசம்பரில் ‘ரெசிடென்ட் ஈவில் 4’, அடுத்த ஆண்டு ‘டெத் ஸ்ட்ராண்டிங்’, ‘அசாசின்ஸ் க்ரீட் மிராஜ்’. கன்சோலில் ஓடிய அதே கேம்கள்தான், காட்சித் தரம் மட்டும் கொஞ்சம் குறைவு. மாதக்கணக்கில் தொடர்ந்து ஆடும்போது தொல்லை தருபவை வேறு: விரல், சூடு, காசு வாங்கும் முறை. முதல் இரண்டையும் சமாளித்துவிடலாம்.

முதலில் விரல். கண்ணாடியில் நடுவும் இல்லை, விளிம்பும் இல்லை. பாத்திரத்தை நகர்த்தும் கன்ட்ரோலரின் நிஜ ஸ்டிக் விட்டவுடன் நடுவுக்குத் திரும்பும். திரையில் இருக்கும் ஸ்டிக்கில் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து வட்டத்துக்கு வெளியே போய்விடும், பாத்திரம் பாதி வழியில் நின்றுவிடும். விரல் எங்கே பட்டாலும் அதையே நடுவாக எடுத்துக்கொள்ளும் மிதக்கும் ஸ்டிக், சுற்றித் திரியும் கேம்களுக்குச் சரி. சுடும் கேம்களில் நிலையான ஸ்டிக்கே நல்லது. இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வலது கட்டைவிரலில் இருக்கிறது. கன்சோல் கன்ட்ரோலரில் குறிவைப்பது கட்டைவிரல், சுடுவது ட்ரிகரில் இருக்கும் ஆட்காட்டி விரல். திரையில் இரண்டு வேலையும் ஒரே விரலுக்கு வந்து சேர்கிறது. அதாவது சுடுகிற நொடியில் குறி நின்றுவிடும். ‘கால் ஆஃப் டியூட்டி மொபைல்’, ‘பப்ஜி மொபைல்’ இரண்டிலும் பட்டன்களை இடம் மாற்றும் வசதி உண்டு. சுடும் பட்டனை இடது மேல்மூலைக்கும், ஸ்கோப் (துப்பாக்கித் தொலைநோக்கி) பட்டனை வலது மேல்மூலைக்கும் கொண்டுபோய் நான்கு விரலால் ஆடுவதே இதற்குச் சரியான தீர்வு. முதல் சில நாள் மணிக்கட்டு வலிக்கும், ஆட்டமும் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். அதோடு ஜைரோவையும், அதாவது போனைச் சாய்த்துக் குறிவைக்கும் முறையையும், சேர்க்கலாம். எப்போதும் இயங்கும்படி வைக்காமல், ஸ்கோப் திறந்திருக்கும்போது மட்டும் என்று வையுங்கள். ஸ்கோப்பின் பெருக்கம் கூடக்கூட ஜைரோ உணர்திறனைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கை நடுக்கமெல்லாம் திரையில் தெரியும்.

வியர்வை இன்னொரு எதிரி. தொடுதிரை மின்னேற்ற மாற்றத்தை வைத்து விரலை அறிவதால், ஈரம் பட்டால் இல்லாத தொடுகையையும் பதிவுசெய்யும். வெள்ளி இழை கலந்த விரலுறை உதவும், ஆனால் தேய்ந்ததும் தொடுகை விட்டுவிட்டு விழும். தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் போன் அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டுங்கள்.

கன்ட்ரோலர் மாட்டினால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து எக்ஸ்பாக்ஸ், ப்ளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களை ஐபோனிலும் நேரடியாக இணைக்கலாம். ஆனாலும் போனை நடுவில் கவ்விப் பிடித்து யுஎஸ்பி-சி வழியாக இணையும் வகைதான் வசதி: தாமதம் குறைவு, தனியாகச் சார்ஜ் போட வேண்டாம். வாங்கும் முன் கேமரா மேடும் கவரும் இடிக்குமா என்று பாருங்கள். ப்ளூடூத் கன்ட்ரோலரும் ப்ளூடூத் இயர்போனும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் நெரித்துக்கொள்ளும். பட்டன் அழுத்தம் விட்டுப்போவதற்கு இது முக்கியக் காரணம். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஒலியை ஒயரில் கேளுங்கள். சாதாரண ப்ளூடூத் இயர்போனில் ஒலி 150 மில்லிநொடிக்கு மேல் பிந்துவது சகஜம். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, ஆக ஒன்பது ஃபிரேம் கழித்துத்தான் காலடிச் சத்தம் காதுக்கு வரும்.

எல்லாக் கேமும் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. ‘கால் ஆஃப் டியூட்டி மொபைல்’ ஏற்கும். கன்ட்ரோலர்காரர்களைக் கன்ட்ரோலர்காரர்களோடுதான் சேர்க்கும். ‘பப்ஜி மொபைல்’ ஏற்காது. பட்டனைத் தொடுகையாக மாற்றித் தரும் செயலிகளை அங்கே பயன்படுத்தினால் கணக்கு முடக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

அடுத்து சூடு. கனமான கேமில் ப்ளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது, அந்த வெப்பத்தை வெளியே தள்ளப் பெரிய விசிறியும் உள்ளே இருக்கிறது. விசிறியில்லாத போன் நெடுநேரம் தாங்கக்கூடியது நான்கைந்து வாட்தான். அதனால் முதல் பத்து, பதினைந்து நிமிடம் பிரமாதமாக ஓடும். பிறகு திரை வெளிச்சம் இறங்கும், அடுத்து ஃபிரேம் இறங்கும். ஐந்து நிமிடம் ஓட்டிப் போடும் மதிப்பீட்டு வீடியோக்களை நம்பாமலிருக்க இது ஒன்றே போதும். 60-க்கும் 38-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட 30-இல் பூட்டி வைப்பது கைக்கு இதம். முதலில் நிழலையும் ரெசல்யூஷனையும் குறையுங்கள். டெக்ஸ்சர், அதாவது பொருட்களின் மேற்பரப்புப் படம், பெரும்பாலும் நினைவகத்தைத்தான் தின்னும். அதைக் குறைத்து வெப்பத்தில் பெரிய லாபம் கிடையாது. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள். பேட்டரியைத் தொடாமல் மின்சாரத்தை நேராக போனுக்கே கொடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு, இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். முதுகில் ஒட்டும் குளிர்விப்பான் வேலை செய்யும்தான். ஆனால் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அதன் தட்டில் நீர் கோக்கும், கவனம்.

காசுக்கு மட்டும் எந்த அமைப்பிலும் தீர்வில்லை. ‘கென்ஷின் இம்பாக்ட்’ நல்ல உதாரணம். 2020 செப்டம்பரில் வந்தபோதே கன்சோல் தரம் என்று பேசப்பட்டது, அது நியாயமான பேச்சுதான். அதில் பாத்திரங்களை வலுப்படுத்தும் பொருட்களைப் பெற ‘ரெசின்’ வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200-இல் நின்றுவிடும். முழுதாக நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஒரு தடவைக்கு 20 செலவாகும் களத்தில் பத்து முறை ஆடினால் தீர்ந்தது, தேறிய அணிக்கு அரை மணி நேர வேலை. அதற்குமேல் ஆட ஆசை இருந்தாலும் இந்தப் பக்கம் கதவு மூடிவிடும். ஆட ஆசை இல்லாத நாளிலோ ஊறியது வீணாகிறதே என்று திறக்க வைக்கும். புதுப் பாத்திரங்களுக்கோ குலுக்கல்; ஒவ்வொரு குலுக்கலும் ஓர் ‘இழுப்பு’. அதில் மிக அரிய ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 இழுப்புக்குள் ஏதோ ஒன்று உறுதி. விரும்பிய அந்த ஒன்றே வேண்டுமென்றால் மோசமான நிலையில் 180. ஒரு இழுப்புக்கு 160 கற்கள் (ஆடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம்) என்றால் 28,800 கற்கள். ‘கேண்டி க்ரஷ்’ஷின் ஐந்து உயிர்களும், உயிருக்கு முப்பது நிமிடக் காத்திருப்பும் இதே கணக்கின் எளிய வடிவம்.

இதே ‘கென்ஷின்’ ப்ளேஸ்டேஷன் 5-இலும் இருக்கிறது. நல்ல கன்ட்ரோலர், பெரிய டிவி, சூடு பிரச்சினை கிடையாது. ரெசின் மட்டும் அங்கும் அதே 200. ஆக, தடுப்பது கருவி இல்லை என்பது இங்கேயே தெரிகிறது. முடிவுள்ள கேம் முடிந்ததும் வருமானமும் நின்றுவிடும், அதனால் லாபத்துக்காகச் செய்யப்படுபவை முடிவதே இல்லை. 2016 டிசம்பரில் நின்டென்டோ ‘சூப்பர் மாரியோ ரன்’னை ஒரே கட்டணத்தில் முழுதாக விற்றுப் பார்த்தது, எதிர்பார்த்த லாபம் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த, குலுக்கல் முறை கொண்ட ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’ அதைவிட அதிகம் ஈட்டியது. கன்சோலுக்கு ஈடாகும் மொபைல் கேம்களும் கொழிக்கும் மொபைல் கேம்களும் பெரும்பாலும் இரு வேறு பட்டியல்கள்.

முதல் பட்டியலில் தைரியமாகக் காசு போடலாம். 2024-இல் போனுக்கு வந்த ‘பலாட்ரோ’வில் சீட்டை விரலால் இழுப்பது கன்ட்ரோலரைவிடச் சுகம். ‘ஸ்லே தி ஸ்பையர்’ அப்படியே முழு ஆட்டம். எழுத்து மட்டும் பொடி. ‘ஸ்டார்டியூ வேலி’யில் விவசாயம் விரலுக்கு ஏற்றது, சுரங்கச் சண்டை ஏற்றதல்ல; தானாகத் தாக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘டெட் செல்ஸ்’ வேகமானது, கன்ட்ரோலர் இல்லாமல் தொடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கினாலும் ஆயுள் உத்தரவாதம் கிடையாது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததும், புதுப்பிக்கப்படாத 32-பிட் கேம்கள் அத்தனையும் ஓடாமல் போயின. 2010-இல் எல்லாரும் வாய்பிளந்து பார்த்த ‘இன்ஃபினிட்டி பிளேட்’ 2018-இல் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. சேமிப்புக் கோப்பிலும் கவனம் தேவை: பல ஆஃப்லைன் கேம்கள் அதைப் போனுக்குள்ளேயே வைக்கின்றன, கேமை நீக்கினால் அதுவும் போய்விடும். ஐபோனில் இடம் போதாவிட்டால் ‘டெலீட்’ செய்யாமல் ‘ஆஃப்லோட்’ செய்யுங்கள், தரவு தங்கும். ஆண்ட்ராய்டில் ‘கேஷ்’ஷை (cache, தற்காலிகக் கோப்புகள்) அழிக்கலாம், ‘டேட்டா’வை அழிக்கக் கூடாது. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவதாக இருந்தால், கேமுக்கென்று தனிக் கணக்கு உண்டா என்று முன்னதாகவே பாருங்கள். ஐக்ளவுடில் இருப்பதை மறுபக்கத்துக் கேம் எடுத்துக்கொள்ளாது.