தமிங்கிலமா, தங்கிலீஷா?

“பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்” என்று பேசும் கலப்பு மொழிக்கு இரண்டு பெயர்கள். இரண்டுமே வெட்டி ஒட்டியவை. புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் தமிழாங்கிலம் என்றுதான் வரும். ழகரத்தையும் ஆகாரத்தையும் உதிர்த்ததால் தமிங்கிலம் கிடைத்தது. ழகரம் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ‘தமி’ நிற்கிறது, மரம் ‘மரத்தில்’ என்று ஆவதுபோல ‘தமிங்கிலத்தில்’ என்று வேற்றுமை உருபையும் ஏற்கிறது. தங்கிலீஷில் தமிழுக்கு மிஞ்சியது ஒரே ஒரு ‘த’. சரி, வாயில் சட்டென்று வருவது அதுதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சுவதற்கும் பலர் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். அதை அதற்கே விட்டுவிட்டு, பேச்சுக் கலப்புக்குத் தமிங்கிலம் என்றே எழுதுகிறேன்.