வெப்சைட் போடப் போகிறீர்களா? முகவரி யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

காங்கயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். செக்கும் கொப்பரைக் களமும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஃபோன், பார்சல், கணக்கு என் பொறுப்பு. கொரோனா சமயத்தில் வாட்ஸாப்பில் வர ஆரம்பித்த ஆர்டர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. யார் எத்தனை லிட்டர் கேட்டார்கள், யார் பணம் போட்டார்கள் என்று நோட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனதால், 2022 ஆடியில் ஒரு வெப்சைட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். கையில் ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். தீபாவளிப் பலகாரத்துக்கு ஊரே எண்ணெய் வாங்கும், அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்பது கணக்கு.

ஃபேஸ்புக் விளம்பரத்தில் பார்த்து நம்பர் கொடுத்தேன். மறுநாளே ஒரு பையன் பைக்கில் வந்து நின்றான். மோர் கொடுத்தேன். "ஏனுங்கக்கா, ஒரு தடவை போட்டா போதுங்க, அப்புறம் உங்களுக்கு வேலையே இல்லைங்க" என்றான். 24,999 ரூபாய், எல்லாம் அடக்கம். செருப்புக் கடை விலை மாதிரி இருக்கிறதே என்று அப்போதே சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம், பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. போட்டால் நீங்கள் அந்த ஒரு கம்பெனியை மட்டும் ஒதுக்கிவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்தவனிடம் போவீர்கள்.

முதல் இடி, "எல்லாம் அடக்கம்" என்பதில் ஜிஎஸ்டி அடக்கமில்லை. 18 சதவீதம், 4,500 ரூபாய் தனி. சரி, வரிதானே என்று கட்டினேன். பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. எங்கள் ஆடிட்டர்தான் பிறகு சொன்னார்: அந்த எண் 15 இடம் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவு என்றால் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சரிபார்க்கலாம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வரவு இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை, அதில் தப்பும் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ஒழுங்கான பில் இருந்திருந்தால் அந்த 4,500 எங்கள் கணக்கில் வரவாக வந்திருக்கும். இப்போது அது அவர்கள் பெட்ரோல் செலவு.

அடுத்து பொருள் ஏற்றும் வேலை. பத்துப் பொருள் இலவசம், அதற்கு மேல் ஒன்றுக்கு 250 ரூபாய். எங்களிடம் இருப்பது நாலு எண்ணெய், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, ஆக ஆறுதானே என்று நினைத்தேன். அவர்கள் கணக்கில் பதினெட்டு! அரை லிட்டர் கடலை எண்ணெய் ஒரு பொருள், ஒரு லிட்டர் இன்னொரு பொருள், ரெண்டு லிட்டர், அஞ்சு லிட்டர் தனித்தனிப் பொருள். கூடுதலாக எட்டு, அதற்கு 2,000. உண்மையில் எங்கள் தளம் ஓடும் வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் ஒரே பொருளைப் போட்டு, அதற்குள்ளேயே அளவுகளைத் தேர்ந்தெடுக்க வைக்கலாம். வாங்குகிறவருக்கும் அதுதான் வசதி. இது எனக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது.

வாட்ஸாப் பட்டன் 2,500. அது என்னவென்று பின்னால் பார்த்தேன். நம் ஃபோன் நம்பரைச் சேர்த்த ஒரு வரி இணைப்பு, அவ்வளவுதான். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருவதற்கு எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் என்று 3,500. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பல வருஷமாக இதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) ஒரு சொடுக்கில் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்குப் போட்டதும் அந்த இலவசச் சான்றிதழ்தான்.

பணம் வாங்கும் கேட்வே இணைப்புக்கு 6,000 வாங்கினார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் கேட்டு நான் எங்கள் தளத்தின் ரிட்டர்ன் பக்கத்தை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். "சேலையில் நெசவுக் குறை இருந்தால் ஏழு நாட்களுக்குள், பிளவுஸ் துணியை வெட்டாமல் திருப்பி அனுப்பவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஏதோ ஜவுளிக் கடைக்குப் போட்டதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கடலை எண்ணெய் விற்கும் தளத்தில்! வீட்டுக்காரர் ரெண்டு நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் அந்தப் பக்கங்களை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தளம் திறந்தது கார்த்திகையில். தீபாவளி ஐப்பசியிலேயே போய்விட்டது.

எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் மேலே வரவைக்கும் வேலை என்று மாதம் 5,000 வீதம் மூன்று மாதம் கட்டியதையும் சொல்லிவிடுகிறேன். "கூகுள் முதல் பக்கம் கேரண்டி." முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்குக் கூகுளிலிருந்து ஆள் வந்ததெல்லாம் மேப்பில் நாங்களே காசில்லாமல் போட்ட கடைப் பதிவின் வழியாகத்தான்.

மறு வருஷம் புதுப்பிக்க 14,500 கேட்டார்கள், கொடுத்தேன். இதுவரை கூட்டினால் 72,999. அந்தக் கடைசி மூன்று ஒன்பதைப் பார்த்தாலே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இவ்வளவையும் கூடப் பொறுத்திருப்பேன். ஏமாந்த செலவு, போகட்டும் என்று விட்டிருப்பேன். பெரிய அடி வேறு.

ஒரு நாள் சென்னையில் இருந்து வாடிக்கையான அம்மா ஒருவர் ஃபோன் செய்தார். "ஏம்மா, உங்க கடைப் பேரைத் தேடினா சீன எழுத்தா வருதே, கடையை வித்துட்டீங்களா?" தேடிப் பார்த்தேன். எங்கள் முகவரிக்குக் கீழே வரிசையாக ஜப்பானிய எழுத்து, ஏதோ கைப்பை, கைக்கடிகாரம் விற்கும் பக்கங்கள். நம் தளத்தை நேராகத் திறந்தால் ஒன்றும் தெரியாது, கூகுள் வழியாகப் பார்த்தால்தான் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி முறைப் பையன் ஒருவன் பார்த்துவிட்டுச் சொன்னான், இது தெரிந்த வகை ஹேக்தானாம். எங்கள் தளத்தில் போட்டிருந்த தீம், அதாவது தளத்துக்குத் தோற்றம் தரும் தயார் வடிவம், காசு கொடுத்து வாங்க வேண்டியது. இவர்கள் திருட்டுக் காப்பியைப் போட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி காப்பிக்குள்தான் ஹேக் செய்கிறவன் நுழையப் பின்வாசல் வைத்து விடுவார்களாம். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய தீம்.

சரி, வேறு ஆளிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று தளத்தின் முகவரியை, டொமைன் என்பார்களே, அதைக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் கடைப் பெயரில் இருக்கும் டாட் காம் எங்களுடையதே இல்லை. பதிவு செய்தவர் பெயர் அந்தக் கம்பெனி. மின்னஞ்சல் அவர்களுடையது, கடவுச்சொல்லும் அவர்களிடம். விடுவிக்க "ரிலீஸ் சார்ஜ்" 35,000 என்றார்கள். மோர் குடித்தபோது அக்காவாக இருந்த நான் இப்போது மேடம். "மேடம், அக்ரிமெண்ட்ல டொமைன் ஃப்ரீன்னுதான் இருக்கு, உங்களுக்குச் சொந்தம்னு இல்லை." படித்துப் பார்த்தேன், உண்மைதான்.

இது எப்படி நடக்கிறது என்று தம்பி விளக்கினான். டாட் காமை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். பதிவு செய்தவர் கேட்டால் ஐந்து நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது இணைய முகவரிகளுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் விதி காப்பாற்றுவது பதிவு செய்தவரை. பணம் கொடுத்தவரை இல்லை. முகவரி காலாவதியாகும் முன்பு, ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு தடவையும் ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தடவையும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு மெயில் கூட வந்ததில்லை. அதிலிருந்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் மெயில் பெட்டியில் இப்போதே தேடிப் பாருங்கள். டொமைன் வாங்கிய ரசீதோ நினைவூட்டலோ உங்களுக்கு வரவில்லை என்றால், முகவரி பெரும்பாலும் வேறு யார் கையிலோ இருக்கிறது.

தளத்தின் வடிவமைப்பும் அப்படித்தான். காசு கொடுத்துச் செய்ததால் நம்முடையது என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலைக்காரர் செய்தால்தான் பொதுவாக முதலாளிக்குச் சேரும். வெளி ஆள் செய்து கொடுத்தால், உரிமை உங்களுக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தொழிலுக்கு வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தும் சிறு தொழில் என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை என்றார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை. வழக்கு இன்னும் போடவில்லை. கையில் இருப்பது எஸ்டிமேட் பிடிஎஃபும் வாட்ஸாப் மெசேஜும்தான், அதையும் அந்தப் பையன் பாதி டெலீட் செய்துவிட்டான். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள், பேசியதை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

35,000 கொடுக்கவில்லை. புதிதாக டாட் இன் முகவரி வாங்கினோம், என் மெயிலில், என் கார்டில், நானே உட்கார்ந்து. பத்து நிமிஷம் ஆனது. வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஹோஸ்டிங் நாலாயிரத்துச் சொச்சம், அதுவும் என் பெயரில். முதல் வருஷ விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து எடுத்தேன், இரண்டுக்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. தளம் கட்டிய கூலி 22,000, மூன்று தவணை. கடைசித் தவணையை எல்லாச் சாவியும் கைக்கு வந்தபிறகுதான் கொடுத்தேன். கேட்வேக்கு இரண்டு சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி, அதாவது 1,000 ரூபாய் ஆர்டரில் 23 ரூபாய் 60 பைசா. அதை இப்போது எண்ணெய் விலையிலேயே சேர்த்துவிட்டேன். (அஞ்சு லிட்டர் டின் ஒழுகாமல் சென்னை போய்ச் சேரும் செலவு தனிக்கதை, இன்னொரு நாள்.)

ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பாட்டிலில் ஒட்டும் லேபிள் மூவாயிரம், பழைய டாட் காம் முகவரியோடு சிவகாசியில் அடித்து வாங்கி வைத்திருந்தோம். அந்த முகவரியைக் கூகுளில் தேடினால் இப்போதும் கைக்கடிகாரம்தான். இன்னும் எழுநூறு மிச்சம். சாயங்காலம் செக்கு நின்றதும் நானும் மகளும் உட்கார்ந்து, கறுப்பு மார்க்கரால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.