முள் வெள்ளரியா, வழுவழு வெள்ளரியா? விதை எடுப்பவர் கண்ணில் ஓர் ஒப்பீடு

வீட்டுத் தோட்டத்துக்கு இனி ஒரே வெள்ளரி ரகம்தான், அதன் விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு. ஒன்று, தோலெங்கும் சின்னச் சின்னப் பருவும், பருவின் நுனியில் வெள்ளை முள்ளுமாக இருக்கும் முள் வெள்ளரி. இன்னொன்று பெயிட் ஆல்ஃபா வகை வழுவழு வெள்ளரி. ஒரு சாண் நீளம், மெல்லிய தோல், சீவாமலே கடித்துத் தின்னலாம். நான் வழுவழு வெள்ளரியை எடுத்துக்கொண்டேன். ருசிக்காகவும் இல்லை, விளைச்சலுக்காகவும் இல்லை. விதைச் சுத்தத்துக்காக.

மற்ற விஷயங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பந்தல், தண்ணீர், உரம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். முள் வெள்ளரியின் தோல் கொஞ்சம் தடிப்பு, கடித்தால் நறுக்கென்று இருக்கும். முள்ளைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, கழுவும்போது துணியால் ஒரு தேய் தேய்த்தால் உதிர்ந்துவிடும். முள் இருந்தால் கசக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. கசப்பு குக்கர்பிடாசின் என்ற பொருளால் வருவது. அதை நடத்தும் மரபணுக்கள் வேறு, முள்ளை நடத்தும் மரபணுக்கள் வேறு. தண்ணீர் காய்ந்து செடி வாடினால், கசக்கும் குணமுள்ள ரகம் வழுவழுவென்று இருந்தாலும் கசக்கத்தான் செய்யும்.

இனி முள்ளுக்கு வருவோம். வெள்ளரிக்காயின் முள் என்பது உண்மையில் முடிதான். தோலின் மேலடுக்கு செல்களிலிருந்து எழும்பும் பல செல் முடி, அடியில் அகன்று நுனியில் கூராக நிற்கிறது. காலையில் பெண் பூவின் பின்பக்கம் விரல் நுனியளவு இருக்கும் பிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முள் ரகத்தில், பூ விரிவதற்கு முன்பே, ஒவ்வொரு முள்ளின் அடியிலும் தோல் சின்னக் குமிழாகப் புடைத்திருப்பது தெரியும். வழுவழு ரகத்திலும் அதே இடத்தில் மெல்லிய சுணை உண்டு. ஆனால் அடியில் புடைப்பு இருக்காது, காய் பெருக்கப் பெருக்கச் சுணையும் உதிர்ந்துபோகும்.

அந்தப் புடைப்புக்குக் காரணமான மரபணுவின் பெயர் 'டியூ'. அது எது என்று 2014-இல் சீன ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு விரல்போல் மடிந்திருக்கும் 'துத்தநாக விரல்' வகைப் புரதம் ஒன்றை அது உண்டாக்குகிறது. முள்ளின் அடியில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கூடவும், அங்கே செல்கள் பெருகிப் பருவாக வீங்கவும் அந்தப் புரதம் வழி செய்கிறது. காய்கறிப் பயிர்களில் முதன்முதலில் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது வெள்ளரிக்குத்தான், 2009-இல். அதற்கு எடுத்துக்கொண்டதும் வட சீனத்து நீள வெள்ளரி ரகம் ஒன்றைத்தான்.

விதை எடுப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒவ்வொரு செடியிலும் இந்த மரபணு இரண்டு படிகளாக இருக்கிறது, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இரண்டில் ஒன்று வேலை செய்தாலே காயில் பரு வந்துவிடும். பரு ஓங்கு பண்பு, வழுவழுப்பு ஒடுங்கு பண்பு. அதாவது ஒரு காய் வழுவழுவென்று இருக்கிறதென்றால், அந்தச் செடியின் இரண்டு படிகளுமே வேலை செய்யாதவை. காயைப் பார்த்தே மரபணுவைச் சொல்லிவிடலாம் (அபூர்வமான ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்). பருக் காயில் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு படியும் வேலை செய்கிறதா, ஒன்று மட்டுமா என்பது வெளியே தெரியாது.

வெள்ளரியோ தேனீயை நம்பிய பயிர். பக்கத்து மாடியில் யாராவது வேறு ரகம் போட்டிருந்தால், கொசுத்தேனீ அந்த மகரந்தத்தை உங்கள் பூவுக்குக் கொண்டுவரும். அப்போது இரண்டு ரகத்திலும் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நீங்கள் முள் வெள்ளரி வளர்க்கிறீர்கள், வழுவழு வெள்ளரியின் மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த போகத்தில் அந்தக் கலப்பு விதையிலிருந்து வரும் செடியும் பருக் காய்தான் காய்க்கும். பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீங்களும் நல்ல செடி என்று அதிலிருந்து விதை எடுப்பீர்கள். அந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டிருந்தால், அதன் வாரிசுகளில் நாலில் ஒரு பங்கு வழுவழுவாக வந்து காட்டிக்கொடுக்கும். பக்கத்திலிருந்த சுத்தமான முள் செடியின் மகரந்தம் சேர்ந்திருந்தால் அதுவும் நடக்காது. அந்த வாரிசுகள் எல்லாமே பருக் காய்தான் காய்க்கும், பாதிச் செடிகளில் அந்நியப் படி ஒளிந்தபடி அடுத்த தலைமுறைக்குப் போகும். கலப்பு வெளிப்படும்போது நீங்கள் விதையை நாலு பேருக்குப் பகிர்ந்து முடித்திருப்பீர்கள்.

இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். வழுவழு ரகத்தில் முள் ரகத்தின் மகரந்தம் விழுந்தால், அடுத்த போகத்திலேயே அந்தச் செடியின் முதல் பெண் பிஞ்சு பருவோடு வரும். செடியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். வந்த மகரந்தம் பருவை மட்டும் கொண்டுவருவதில்லை, வேறொரு ரகத்தின் பாதி மரபணுக்களையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பரு அதற்கான வெளி அடையாளம். எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமல், பைசா செலவில்லாமல், ஒரு தலைமுறைக்குள் கலப்பைப் பிடித்துவிடும் வசதி வழுவழு ரகத்துக்கு மட்டுமே இருக்கிறது. வேறு எந்தக் குணத்திலும் இரண்டுக்கும் இவ்வளவு தூரம் வித்தியாசம் இல்லை.

இதிலும் ஒரு நெருக்கடி உண்டு. வெள்ளரிக் கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள், பெண் பூ பிறகுதான். கலப்புச் செடியின் பிஞ்சை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அதன் மகரந்தம் ஊரைச் சுற்றியிருக்கும். ஆகவே விதைக்கென்று விட்ட செடிகளில், எல்லாக் கொடியிலும் முதல் பெண் பிஞ்சைப் பார்த்து முடிக்கும்வரை ஆண் மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

பக்கத்தில் முள் வெள்ளரி இருந்தால் இந்தக் காயிலேயே முள் வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வராது. காயின் தோல் தாய்ச்செடியின் உடம்பு. வெளி மகரந்தம் மாற்றுவது உள்ளே இருக்கும் விதையின் கருவை மட்டும்தான், அதன் விளைவை அடுத்த போகத்தில்தான் பார்க்க முடியும்.

வழுவழுப்பிலேயே இரண்டு விதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயிட் ஆல்ஃபாவில் பரு மட்டும்தான் இல்லை. இலை, தண்டெல்லாம் சொரசொரவென்று முடியோடுதான் இருக்கும், அறுக்கும்போது கை அரிக்கும். 'கிளாப்ரஸ்' என்ற மரபணு கெட்டுப்போன செடிகள் வேறு. அவற்றில் இலை, தண்டு, காய் எங்குமே முடி இருக்காது. முள்ளே இல்லாத இடத்தில் பருவும் எழும்பாது என்பதால், 'டியூ' நன்றாக வேலை செய்யும் நிலையிலேயே காய் வழுவழுவென்று இருக்கலாம். அப்படி ஒரு செடியைச் சாதாரண வழுவழு ரகத்தோடு சேர்த்தால், இரண்டு வழுவழுப் பெற்றோருக்குப் பருக் காய்ப் பிள்ளை பிறக்கும். அதன் அடுத்த தலைமுறையில் பரு, பரு இல்லாமல் சுணை மட்டும், முழு வழுவழு என்று 9:3:4 விகிதத்தில் பிரியும். முடியே இல்லாத செடிகள் பெரும்பாலும் ஆய்வு நிலையங்களில்தான் இருக்கின்றன, நம் தோட்டத்துக்கு வர வாய்ப்புக் குறைவு.

முள் வெள்ளரிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். சந்தைக்கு விற்பவருக்கு அது நல்ல ரகமாக இருக்கலாம். வட சீனத்தில் நெருக்கமான முள்ளும் பருவும்தான் புதுக்காய்க்கு அடையாளம், நாள்பட்ட காயில் முள் உதிர்ந்திருக்கும் என்று அங்கே பார்த்து வாங்குவார்கள். ஊறுகாய்க்கு ஏற்றுமதியாகும் கெர்கின் என்ற குட்டி வெள்ளரியிலும் பருவுள்ள காய்க்கு நல்ல கிராக்கி உண்டு. முள் ரகம்தான் வேண்டும் என்றால் வெள்ளை முள்ளாகப் பார்த்து எடுங்கள். கருமுள் வெள்ளை முள்ளுக்கு ஓங்கு பண்பு. கருமுள் ரகங்கள் வெயிலில் சீக்கிரம் மஞ்சளித்து, முற்றினால் ஆரஞ்சும் பழுப்புமாகத் தோல் வெடித்து வலை பின்னிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு வெள்ளை முள்தான் தோது.

பூச்சி விஷயத்தில் என் அனுபவம் குறைவு. நான் வளர்த்தது மாடியிலும் வீட்டை ஒட்டிய சின்ன இடத்திலும்தான், பசுமைக்குடிலில் வளர்த்ததில்லை. நான் பார்த்தவரை இலைமுடி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, வெள்ளை ஈயும் பாகுபாடு பார்க்கவில்லை. காயில் முள் இருப்பது பழ ஈயைத் தடுக்கும் என்பதற்கும் என் செடிகளில் அறிகுறி இல்லை. நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்களில் இலைமுடி பெரிய விஷயம். வெள்ளை ஈயை அழிக்க விடும் என்கார்சியா குளவி, முடி குறைந்த இலையில் வேகமாக நடந்து கூடுதலாக இரை தேடுகிறது என்று அங்கே ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இலையின் முடி, காயின் முடியில்லை.

விதை வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழுவழு வெள்ளரி என்று கடையில் கிடைப்பதில் பல, பெண் பூ மட்டுமே பூத்து மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வீரிய ஒட்டு ரகங்கள். அவற்றில் விதை எடுக்கும் பேச்சே இல்லை. ஆண், பெண் இரண்டு பூவும் பூக்கும், ஒட்டு இல்லாத ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பக்கத்தில் இன்னொருவர் வேறொரு வழுவழு ரகம் போட்டிருந்தால் மேலே சொன்ன அடையாளம் உதவாது, இரண்டிலும் பரு இல்லையே. அதனால் விதைக் காய்களுக்கு நான் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறேன். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டும் பெண் மொட்டும் முந்தின சாயங்காலமே மஞ்சள் தட்டிவிடும். இரண்டையும் நூலால் லேசாகக் கட்டிவிட்டு, விடிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிள்ளியெறிந்துவிட்டு, பெண் பூவின் சூல்முடியில் ஒற்றி, மறுபடி கட்டி, காம்பில் ஒரு நூல் அடையாளம். காய் நன்றாக மஞ்சளித்து மெத்தென்று ஆனபின் விதையை வழித்து, ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவி, நிழலில் காயவைக்கிறேன். பருவைப் பார்த்துப் பிடுங்குவது அதற்கு மேலான இரண்டாம் காவல்.