மெம்பர் எங்கே, மேடம்?

கவுன்ட்டரில் இருந்தவர் நான் கொடுத்த கடிதத்தை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மெம்பர் எங்கே, மேடம்?"

"நான்தாங்க மெம்பர்."

அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். வெளியே என் வீட்டுக்காரர் கார் டிக்கியிலிருந்து கோல்ஃப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தார். "சார் வந்துடட்டும், எழுதிடலாம்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று நம் மலைகளில் வெள்ளைக்காரன் காலத்து கோல்ஃப் மைதானங்கள் உண்டு. இது எந்த மலை, எந்த கிளப் என்று சொல்லப் போவதில்லை. குளிர்ந்த ஊர், பழைய கட்டடம், சுவரில் மான் தலை. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

சிங்கப்பூருக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கிளப் உறுப்பினர் அட்டை என் அலுவலகம் என் பெயரில் எடுத்துக் கொடுத்தது. இவர் அதில் 'ஸ்பௌஸ்'. சிங்கப்பூரில் இது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. கேட்டில் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த கிளப்புக்கு வெளிநாடுகளில் சில கிளப்புகளோடு ஒப்பந்தம் உண்டு. நம் கிளப் ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தால் அங்கே போய் அறை எடுக்கலாம், ஆடலாம், சாப்பிடலாம். பட்டியலில் இந்த மலை ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அதற்குக் காரணம் கோல்ஃப் மட்டும் இல்லை.

அப்பா உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்த்தார். கோடை விடுமுறையில் முதலாளி மலைக்கு வந்துவிட்டால், கையெழுத்து வாங்க வேண்டிய ஃபைல்களோடு அப்பா பஸ் ஏறுவார். இரண்டு தடவை என்னையும் கூட்டிப்போனார். இதே கிளப்பின் வெளி வராந்தாவில் ஒரு பெஞ்ச். அதற்கு மேல் உள்ளே போக அனுமதி இல்லை. ஆனால் வெயிட்டர் ஒருவர் எனக்கு ஒரு கட்லெட்டும் பீட்ரூட் நிறத்தில் ஏதோ ஒரு சாஸும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த கட்லெட்டின் ருசிக்காகத்தான் நாற்பது வருடம் கழித்து அறிமுகக் கடிதத்தோடு வந்தேன் என்று சொன்னால் இவர் நம்ப மாட்டார்.

சரி, கவுன்ட்டருக்கு வருவோம். இவர் வந்தார். அவருக்கு வணக்கம் கிடைத்தது, நாற்காலி கிடைத்தது. பேனாவும் திறந்தது. லெட்ஜரில் உறுப்பினர் கட்டத்தில் இவர் பெயர், அடுத்த கட்டத்தில் 'மிஸஸ்' என்று நான். இவர் "இல்லைங்க, மெம்பர் அவங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கவுன்ட்டர்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், ஃபேமிலிதானே" என்று ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். எனக்கும் அப்போது பெரிதாகப் படவில்லை. இரண்டு நாள் தானே என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் சனிக்கிழமை, காலை 7.30க்கு எங்களுக்கு ஆட நேரம். பனி இன்னும் கலையவில்லை, புல்லில் நடந்தால் ஷூ நனைகிறது. ஊரை விட்டுப் போனவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு சந்தோஷம் அது. ஆட்டத்தைத் தொடங்கி அனுப்புகிற ஸ்டார்ட்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "சார் போகலாம். மேடம் பதினோரு மணிக்கு மேல வாங்க. சனி, ஞாயிறு காலைல மெம்பர்ஸ் மட்டும்."

ஒன்றும் பேசாமல் திரும்பி ஆபீஸுக்கு நடந்தேன். அடுத்த மூன்று மணி நேரத்தை விரிவாகச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடிதத்தில் என் பெயருக்கு நேரே 'மெம்பர்' என்று தெளிவாக இருக்கிறது. அதைக் காட்டினேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் லெட்ஜரில் எழுதியாகிவிட்டது, அடித்து எழுதினால் செக்ரட்டரி கையெழுத்துப் போட வேண்டும், செக்ரட்டரி வாக்கிங் போயிருக்கிறார். எப்போது வருவார்? வந்துவிடுவார். சிங்கப்பூர் கிளப்பிலிருந்து புதிதாக ஒரு மெயில் வந்தால் உதவுமா என்று கேட்டேன், உதவும் என்றார். இங்கே காலை எட்டு என்றால் அங்கே பத்தரை. உறுப்பினர் பிரிவுக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் "ஒன் மினிட் ஆ" என்றாள். நான்காவது நிமிடம் மெயில் வந்து சேர்ந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் மெயிலை பிரின்ட் எடுக்க வேண்டும். பிரின்டர் செக்ரட்டரி அறையில். அறையின் சாவி செக்ரட்டரியிடம். செக்ரட்டரி வாக்கிங்கில்.

இதற்கிடையில் இவருக்கு வேறு ஒரு சோதனை. இவர் போட்டிருந்தது டிவியில் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் போடுகிற மாதிரி கழுத்தை ஒட்டி நிற்கிற சட்டை. "காலர் இல்லையே சார்" என்று ஸ்டார்ட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் கிளப்பின் லைசென்ஸே போகும் என்று 2014-இல் சட்டம் வந்தது. சேப்பாக்கத்தில் ஒரு கிளப் வாசலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டியோடு உள்ளே விடாததால் வந்த சட்டம் அது. ஆகவே இவர் வேட்டி கட்டிக்கொண்டு ஆட வந்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது போலிருக்கிறது. இப்போது காலர் சட்டைக்காக அறைக்குப் போனார். (எங்கள் சிங்கப்பூர் கிளப்பிலும் காலர் விஷயத்தில் கறார்தான். அதை அப்போது இவரிடம் நினைவுபடுத்தவில்லை.)

அதே 2014 செப்டம்பரில்தான், 260 வருடம் ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், பெண்களையும் உறுப்பினர் ஆக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற ஆகஸ்டா நேஷனல் 2012-இல் முதல் இரண்டு பெண்களைச் சேர்த்தது. இந்த விவரம் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தேன். ஆமாம், அதே வராந்தா. பெஞ்ச் மட்டும் வேறு.

பத்து மணிக்குச் செக்ரட்டரி வந்தார். மரியாதையான மனிதர். மன்னிப்பு கேட்டார், காபி வரவழைத்தார், லெட்ஜரில் திருத்திக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். "கம்ப்யூட்டர்ல மாத்தணும் சார்" என்றார் கவுன்ட்டர்காரர்.

அந்த மென்பொருளில் உறுப்பினர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மிஸ்டர், டாக்டர், ஜஸ்டிஸ், கர்னல், பிரிகேடியர். மிஸஸ் என்பது துணைவருக்கான கட்டத்தில் மட்டும்தான் வரும். துணைவருக்கோ மிஸஸைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மூன்று பேரும் திரையைக் குனிந்து பார்த்தோம். "மேடம், மிஸ்டர்னு போட்டுக்கலாங்களா?" என்று தயங்கிக் கேட்டார். காலர் சட்டையோடு திரும்பி வந்திருந்த இவர், "கர்னல் போடுங்க, வீட்டுல அப்படித்தான்" என்றார். செக்ரட்டரி சிரித்துவிட்டார். கடைசியில் எல்லோருக்கும் கௌரவமாக இருக்கட்டும் என்று டாக்டர் என்று முடிவானது. நான் பி.காம்.

10.50க்கு முதல் பந்தை அடித்தேன். பனி எப்போதோ போய்விட்டது.

இனி குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏனென்றால் கேடி, அதாவது கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து வழி சொல்பவர், வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், தலையில் மஃப்ளர், காலில் கேன்வாஸ் ஷூ. பன்னிரண்டு வயதிலிருந்து இதே மைதானத்தில் பை தூக்குகிறாராம். சிங்கப்பூரில் கேடி என்ற இனமே அருகிவிட்டது. பக்கி என்கிற சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்தால் திரையில் எத்தனை மீட்டர் என்று வரும். இடி மின்னல் வந்தால் சைரன் ஊதும், எல்லோரும் ஓடுவோம். ஆட்டத்தின் நடுவே பேச ஒரு ஆள் கிடையாது, கணவரைத் தவிர.

மூன்றாவது குழியில் பலகை 130 என்றது. ஐந்தாம் நம்பர் அயர்ன் மட்டையை உருவினேன். அவர் பேசாமல் அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த தூரத்துக்கான ஏழாம் நம்பரைக் கையில் வைத்தார். "இது கெஜக் கணக்குங்கம்மா, உங்க ஊரு மீட்டர் இல்ல. அப்புறம் இங்க காத்து லேசு, பந்து பறக்கும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 130 கெஜம் என்றால் 119 மீட்டர்தான். ஏழாயிரம் அடி உயரத்தில் பந்து ஏழெட்டு சதவீதம் கூடவே போகும். அதையும் கழித்தால் 110. என் ஏழாம் நம்பர் தூரம் அதுதான். பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனில் விழுந்து நின்றது.

கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுகிற பட்டிங்கில் இன்னும் அழகு. என் கண்ணுக்கு வலப்பக்கம் சரிவு, அதனால் இடப்பக்கம் பார்த்து அடிக்கப் போனேன். அவர் வலப்பக்கம் இரண்டு சாண் காட்டினார். "கண்ணை நம்பாதீங்கம்மா. மேடு எது, பள்ளத்தாக்கு எதுன்னு பாருங்க. பந்து எப்பவும் பள்ளத்தாக்குக்குத்தான் போகணும்னு பார்க்கும்." அவர் சொன்ன இடத்தில் அடித்தேன். கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே விழுந்தது. பர்டி, அதாவது அந்தக் குழிக்கு விதித்ததைவிட ஒரு அடி குறைவு! இவர் கைதட்டினார், ஆனால் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. இவருடைய கேடி சின்னப் பையன், போனைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்த கதையை என் கேடியும் சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. "நானும் ஆடுவேம்மா, திங்கக்கிழமை எங்களுக்கு விடுவாங்க" என்றார். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) எவ்வளவு என்று கேட்டேன். அதெல்லாம் எழுதி வைப்பதில்லையாம். என்னுடையது 18.4, தசமப் புள்ளியோடு செயலியில் இருக்கிறது. அவர் ஒற்றை இலக்கம் என்று என் ஊகம்.

ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் டீக்குடிசை. நான்கு டீ சொன்னேன். கேடிகளுக்குக் குடிசைக்குப் பின்னால் தனி இடம், தனி டம்ளர். பர்டிக்கு வழி சொன்ன மனிதர் பின்னால் நின்று குடித்தார். கூப்பிட்டேன். "பழக்கம் இல்லம்மா" என்றார். அந்த டீக்கும் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கிளப் அட்டைதான். கேட்டுக்கு வெளியே சுண்டல் விற்பவரே க்யூஆர் ஒட்டியிருக்கிறார். இங்கே சீட்டில் எழுதிக் கையெழுத்து. சீட்டில் 'டாக்டர்' என்று அச்சாகி வந்தது.

கோல்ஃபுக்கான கட்டணத்தைப் பற்றி ஒரு வரி. சிங்கப்பூரில் வார இறுதியில் விருந்தாளியாக ஆடினால் 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கேட்கிற இடங்கள் உண்டு. இருக்கிற மைதானங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஜூரோங் கன்ட்ரி கிளப்பை கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2021 புத்தாண்டு அன்று அந்த ரயில் திட்டமே ரத்தாகிவிட்டது. அதனால் இங்கே இரண்டு பேருக்கும் இரண்டு நாளுக்கும் ஆன செலவைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. கேடிக்குக் கிளப் நிர்ணயித்த கூலிதான் உறுத்தியது. நான் அன்று காட்டில் தொலைத்த மூன்று பந்துகளின் விலைகூட இல்லை. மேலே போட்டுக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரவு கட்லெட் சொன்னேன். வந்தது. பீட்ரூட் சாஸ் இல்லை, பாக்கெட் கெட்சப். சரி, விடுங்கள்.

ஒன்பதரைக்கு யாரோ அறைக் கதவைத் தட்டினார்கள். ரூம் பாய். "டாக்டர் மேடம், ஏழாம் நம்பர் ரூம்ல ஒரு பெரியவருக்கு நெஞ்சு எரிச்சல்னு சொல்றாரு. ரிஜிஸ்டர்ல பார்த்து ரிசப்ஷன்ல அனுப்பினாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் டாக்டர் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லச் சொல்ல, அவன் என்னை ஈவு இரக்கம் இல்லாதவளாகப் பார்த்தான். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய், கிளப் ஜீப்பில் அவரை ஏற்றி, கூடவே போய்விட்டு வந்தார். நல்ல வேளை, வாயுத் தொல்லைதான். மறுநாள் காலை அந்தப் பெரியவர் உணவறையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு.

கிளம்பும்போது எந்தச் சிக்கலும் இல்லை. பில் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் கிளப்புக்கே போகும் என்றார்கள். காரில் ஏறும்போது கேடி வந்து, நான் தொலைத்த பந்துகளில் ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து உறுப்பினர் பிரிவிலிருந்து ஒரு மெயில். நான்கே நிமிடத்தில் கடிதம் அனுப்பிய அதே பெண். இந்தியாவிலிருந்து ஒரு பில் வந்திருக்கிறதாம். உறுப்பினர் எண் என்னுடையது. ஆனால் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு டாக்டரும், அவருடைய மனைவி என்று என் கணவரின் பெயரும் இருக்கிறது. இப்படி ஒரு தம்பதி எங்கள் பதிவேட்டில் இல்லை, தயவுசெய்து விளக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகிறது.